பழைய படகு, புதுப் பெயர்: கடலோடி பதில்கள்

பழைய படகு வாங்கியவர்கள் இந்த மாதம் நிறைய எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான கடிதங்கள் ஒரே விஷயத்தைச் சுற்றி வருவதால், இந்த இதழை முழுக்கப் படகின் பெயருக்கே ஒதுக்கிவிட்டேன். படகுகளைப் பரிசோதித்துச் சான்று எழுதுவதுதான் பல ஆண்டுகளாக என் பிழைப்பு. அந்த வேலையில் பார்த்ததை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஒன்பது மீட்டர் நீள ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். முந்தைய உரிமையாளர் அதற்குத் தன் மகள் பெயரை வைத்திருந்தார். அந்தப் பெயரோடு எங்களுக்கு ஒட்டுதல் இல்லை. மாற்றலாம் என்றால், 'பெயர் மாற்றிய படகு ஆளை விழுங்கும்' என்கிறார்கள் படகுத்துறையில் இருப்பவர்கள். என் மனைவி பயந்துபோயிருக்கிறார். மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். ஆனால் உங்கள் மனைவியின் பயத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று இருவரும் தெரிந்துகொண்டால் தானாகக் குறையும்.

மாலுமிகள் சொல்லும் கதை இது. கடலுக்கடியில் கடல் தெய்வத்திடம் ஒரு பேரேடு இருக்கிறது. கிரேக்கர்களுக்கு அவர் பொசைடன், ரோமர்களுக்கு நெப்டியூன். ஒவ்வொரு கலமும் முதன்முதலில் தண்ணீரில் இறங்கும்போது அதன் பெயர் அந்தப் பேரேட்டில் ஏறிவிடும். அதில் இல்லாத பெயரோடு ஒரு படகு திரிந்தால், தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று அவருக்குக் கோபம் வரும்.

இதற்குச் சாட்சியாக எல்லோரும் சொல்வது மேரி செலஸ்ட் என்ற கப்பலை. 1872 டிசம்பரில் அது அட்லாண்டிக்கில் ஆளில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அதில் புறப்பட்ட பத்துப் பேரும் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. அதன் முதல் பெயர் அமேசான். 1868-இல்தான் பெயரை மாற்றினார்கள். பார்த்தீர்களா, பெயரை மாற்றினார்கள், அழிந்தது என்பார்கள். ஆனால் 1861-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அமேசான் என்ற பெயரோடு இறங்கிய அதே ஆண்டு, முதல் பயணத்தின் தொடக்கத்திலேயே அதன் கேப்டன் நோயுற்று இறந்துபோனார். 1867-இல் புயலில் கரைதட்டி, இனி உதவாது என்று கைவிடப்பட்டதும் அமேசானாக இருந்தபோதுதான். அந்தக் கப்பலின் துன்பம் பழைய பெயரிலேயே தொடங்கிவிட்டது.

மறுபக்கத்தையும் பாருங்கள். கேப்டன் குக் பசிபிக் போன எண்டெவர், ஏர்ல் ஆஃப் பெம்புரோக் என்ற பெயரில் நிலக்கரி சுமந்த கப்பல். 1768-இல் வாங்கிப் பெயரை மாற்றினார்கள். 1770-இல் ஆஸ்திரேலியப் பவளத்திட்டில் மோதி அடிப்பகுதி கிழிந்தும், பழுது பார்த்து 1771-இல் ஊர் திரும்பியது. அண்டார்டிகாவுக்குப் போன ஷாக்கிள்டனின் கப்பல் எண்டூரன்ஸ், முதலில் அதன் பெயர் போலாரிஸ். 1915-இல் அண்டார்டிகாவின் பனி அதை நசுக்கி மூழ்கடித்தது உண்மைதான், ஆனால் அதில் இருந்த 28 பேரும் உயிர் பிழைத்தார்கள். சீவைஸ் ஜெயன்ட் என்று ஓர் எண்ணெய்க் கப்பல், 458 மீட்டர் நீளம். அந்தப் பெயரில் இருந்தபோது 1988-இல் போரில் குண்டு பட்டு மூழ்கியது. மீட்டெடுத்துப் பெயரை மாற்றினார்கள். அப்புறமும் பெயர் மேல் பெயராக மாற்றிக்கொண்டு 2009 வரை மிதந்தது.

சரி, இந்தப் பயம் ஏன் இத்தனை காலம் நிலைத்தது? என் கருத்தைச் சொல்கிறேன். பழைய நாட்களில் ஒரு கப்பலுக்கு இருந்த அடையாளம் அதன் பெயர் மட்டுமே. கடன்காரனுக்கு, காப்பீடு கொடுப்பவனுக்கு, வேலைக்குச் சேரும் மாலுமிக்கு, எல்லோருக்கும் கப்பலின் வரலாறு பெயரைப் பிடித்துத்தான் தெரியும். பெயர் மாறினால் ஒழுகும் கப்பல் ஒழுகாத கப்பலாகிவிடும், கடனும் காணாமல் போய்விடும். 'பெயர் மாறிய கப்பலில் ஏறாதே' என்று மூத்த மாலுமி இளையவனுக்குச் சொன்னதில் நல்ல புத்தி இருந்திருக்கிறது. எதையோ மறைக்கிறார்கள் என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

ஆகவே பெயரைத் தொடுவதற்கு முன் உங்கள் படகு எதையாவது மறைக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தில், பெரும்பாலும் வலது மேல்மூலையில், உடல் அடையாள எண் பொறித்திருக்கும். பதிவுத்தாளில் உள்ள எண்ணும் அதுவும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய பெயரில் அடமானமோ, பழுது பார்த்த கூலிப் பாக்கியோ, நிறுத்துமிட வாடகைப் பாக்கியோ உண்டா என்று விசாரியுங்கள். பல நாடுகளின் கடல்சார் சட்டத்தில் இத்தகைய பாக்கிகள் படகோடு ஒட்டிக்கொண்டு புதிய உரிமையாளரிடம் வரும், பெயரை மாற்றினாலும் போகாது. தேடுவதற்குப் பழைய பெயர்தான் சாவி. அதனால் பழைய பெயர் அப்படியே இருக்கும்போதே இந்த விசாரணையை முடித்துவிடுங்கள்.

கேள்வி: பெயர் மாற்றச் சடங்கு ஒன்று இருக்கிறதாமே? ஷாம்பெயின் ஊற்றுகிறார்கள், மந்திரம்போல ஏதோ சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். செய்யாவிட்டால் தப்பா?

தப்பில்லை. ஆனாலும் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் முறையில் இரண்டு பகுதி. முதலில் பெயர் நீக்கம். படகில் பழைய பெயர் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அகற்ற வேண்டும். அது முடியும்வரை புதுப் பெயர் தாங்கிய எதையும் படகில் ஏற்றக் கூடாது. பிறகு கடல் தெய்வத்திடம், இந்தப் பெயரை உங்கள் பேரேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று வேண்டிக் கடலில் கொஞ்சம் மது ஊற்றுவார்கள். அடுத்தது பெயர் சூட்டல். புதுப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்து, நான்கு திசைக் காற்றுகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றுவார்கள். வடக்குக்குப் போரியஸ், தெற்குக்கு நோட்டஸ், கிழக்குக்கு யூரஸ், மேற்குக்கு செஃபிரஸ் என்று கிரேக்கப் பெயர்கள்.

பிரெஞ்சு மாலுமிகளிடம் வேறொரு வழக்கம் இருக்கிறது, எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு படகின் அடியிலும் மக்குயி என்ற பாம்பு ஒட்டிக்கொண்டு வருகிறதாம், படகு தண்ணீரில் விட்டுச்செல்லும் தடம்தான் அதன் வால். பெயரை மாற்ற வேண்டுமென்றால் அந்த வாலை வெட்ட வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று, வளைந்து வளைந்து ஓட்டித் தன் தடத்தைத் தானே குறுக்கே வெட்டிப் போவார்கள். இதைச் செய்துபார்த்தால் புதிதாக வாங்கிய படகு எப்படித் திரும்புகிறது, சுக்கானுக்கு எவ்வளவு வேகமாகக் கட்டுப்படுகிறது என்பதும் ஒரே நாளில் கைக்குத் தெரிந்துவிடும்.

சிலவற்றை மட்டும் தவிருங்கள். பாட்டிலை ஃபைபர் உடலில் மோதி உடைக்க வேண்டாம். ஃபைபர் மேல் இருக்கும் மெல்லிய பளபளப்புப் பூச்சான ஜெல்கோட் சில்லாக உதிரும், கண்ணாடித் துண்டுகள் தளத்திலும் தண்ணீரிலும் சிதறும். பழைய பெயரை எழுதிய உலோகத் தகட்டைக் கடலில் போடுவதும் ஒரு வழக்கம். கடலில் போட்ட எதையும் யாரும் திரும்ப எடுக்கப் போவதில்லை, ஆகவே அதுவும் வேண்டாம். மது கட்டாயமில்லை. உங்களுக்குப் பழக்கமான பிரார்த்தனை போதும், வெறும் தண்ணீர் போதும்.

இப்போது காரணம். 'எல்லா இடத்திலும் பழைய பெயரை நீக்கு' என்ற அந்த முதல் விதியை மனதாரப் பின்பற்றினால், படகில் உள்ள ஒவ்வொரு பாதுகாப்புப் பொருளையும் நீங்கள் ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்துவிடுவீர்கள். ஒருமுறை ஒரு படகைப் பரிசோதிக்கப் போனேன். பின்பக்கத்தில் ஒரு பெயர், உயிர்காப்பு வளையத்தில் இன்னொரு பெயர், ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் அபாய பீக்கனில் மூன்றாவது பெயர். அந்த வளையம் மட்டும் கடலில் தனியாக மிதந்து யாருக்காவது கிடைத்திருந்தால், என்றோ பெயர் மாறிப்போன ஒரு படகை அல்லவா தேடுவார்கள்? உள்ளே இருக்கும் ஆட்களைத் தேட வேண்டிய நேரம் அதில் போய்விடும். அந்தப் படகின் உரிமையாளரிடம் அன்றைக்கே மூன்றையும் சரி செய்யச் சொல்லி, செய்து முடித்த பிறகுதான் சான்றில் கையெழுத்துப் போட்டேன்.

வளையம், லைஃப் ஜாக்கெட், உயிர்காப்புத் தெப்பத்தின் உறை, கைப்படகு, துடுப்பு, பாய் உறை, படகு உரசாமல் தடுக்கும் ஃபெண்டர், சாவி வளையம், கடல் வரைபடம் காட்டும் சார்ட் பிளாட்டரின் திரை. எல்லாவற்றையும் பாருங்கள்.

கேள்வி: பின்பக்கத்து எழுத்து ஸ்டிக்கரை உரித்துவிட்டேன். ஆனால் வெயிலில் பார்த்தால் பழைய பெயர் அப்படியே தெரிகிறது! உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

நில்லுங்கள், உப்புத்தாளைக் கீழே வையுங்கள். ஜெல்கோட்டின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். தேய்த்துத் தேய்த்து ஓரிடத்தில் இழைவரை போய்விட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

நீங்கள் பார்ப்பது அழுக்கு இல்லை. ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த பகுதி பல ஆண்டுகள் வெயில் படாமல் புதிதாகவே இருக்கிறது. சுற்றியுள்ள பகுதி வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்துவிட்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எழுத்தாகத் தெரிகிறது. ஆகவே எழுத்தைத் தேய்த்துப் பயனில்லை, வெளுத்த பகுதியை மீட்க வேண்டும்.

முதலில் மிச்சமிருக்கும் பசையைப் பசை நீக்கி கொண்டு துடையுங்கள். எந்த ரசாயனத்தையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பிறகு ஃபைபர் படகுக்கென்று விற்கும் ரப்பிங் காம்பவுண்டைப் பின்பக்கம் முழுவதும் போட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே மெழுகுப் பூச்சு. எழுத்து இருந்த இடத்தை மட்டும் தேய்த்தால் பளபளப்பாக ஒரு செவ்வகம் உண்டாகி, பழைய பெயருக்குச் சட்டம் போட்டதுபோல் ஆகிவிடும். இதற்குப் பிறகும் அடர்நீலம், கறுப்பு போன்ற நிறங்களில் லேசாக நிழல் தங்கலாம். அப்போது புதுப் பெயரை அதைவிடப் பெரிதாக அமைத்து அதே இடத்தில் ஒட்டுங்கள், அல்லது அந்தப் பகுதிக்குப் பெயின்ட் அடித்துவிடுங்கள். புதிய எழுத்து ஒட்டும் இடத்தில் மட்டும் மெழுகைத் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பசை பிடிக்காது.

இன்னும் உரிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, ஒரு முனையைத் தூக்கி, உடலை ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். பிளாஸ்டிக் சுரண்டி போதும், இரும்பு பிளேடு வேண்டாம். ஹீட் கன் வைத்திருப்பவர்கள் அதை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

புதிய வினைல் எழுத்தை ஒட்டும்போது சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஒட்டினால் நகர்த்திச் சரி செய்ய அவகாசம் கிடைக்கும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்துத் தள்ளுங்கள். குளிரான நாளில் ஒட்டாதீர்கள், பத்து டிகிரிக்குக் கீழே பசை சரியாகப் பிடிக்காது.

மரப் படகில் பெயரைச் செதுக்கியிருந்தால் இது தச்சர் வேலை. எழுத்துப் பள்ளங்களை நிரப்பி இழைக்கலாம், அல்லது மேலே ஒரு பலகை பொருத்தலாம். பலகைதான் எனக்குப் பிடித்த வழி, பின்னால் வருபவருக்கும் வசதி.

கேள்வி: எந்த வரிசையில் காகித வேலைகளைச் செய்வது? பெயரை எழுதிவிட்டுப் பதிவு செய்யலாமா?

எழுதுவது கடைசி. காகிதத்தில் ஒன்றும் உடலில் ஒன்றுமாக இருக்கும் படகைக் கடலில் எந்த அதிகாரி நிறுத்தினாலும் உங்கள் நாள் போய்விடும். வெளிநாட்டுத் துறைமுகத்தில் இன்னும் சிக்கல்.

படகின் மேல் கடன் இருந்தால் முதலில் கடன் கொடுத்தவரின் சம்மதம். அடுத்தது பதிவாளர். நீங்கள் விரும்பும் பெயர் கிடைக்குமா என்று கேட்டு விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. உதாரணத்துக்கு, அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆவணப் பதிவில் பெயர் 33 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது, உதவி கேட்கப் பயன்படும் சொல்போல ஒலிக்கக் கூடாது, ஆபாசமாக இருக்கக் கூடாது. எழுத்தின் உயரம் குறைந்தது நான்கு அங்குலம். உங்கள் பதிவாளரிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். புதிய சான்றிதழ் கைக்கு வந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் படகு நிறுத்துமிடத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

ரேடியோ விஷயத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். உயிர் இதில்தான் இருக்கிறது.

உங்கள் வி.எச்.எஃப். ரேடியோவில் சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் சேனல் 70 வழியாக உங்கள் படகின் ரேடியோ அடையாளமான ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண் போகும். ரேடியோவில் ஜி.பி.எஸ். இணைந்திருந்தால் நீங்கள் இருக்கும் இடமும் போகும். படகின் பெயர் போகாது. மீட்பு மையத்தில் அந்த எண்ணை வைத்துப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பார்கள். அங்கே பழைய பெயரும் பழைய உரிமையாளரின் தொலைபேசி எண்ணும் இருந்தால்? 406 மெகாஹெர்ட்ஸ் அபாய பீக்கனும் அப்படித்தான். அது செயற்கைக்கோளுக்கு அனுப்புவது தன் அடையாள எண்ணை. மையத்திலிருந்து முதலில் அழைப்பு போவது பதிவில் உள்ள எண்ணுக்கு. படகை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், 'நான் பத்திரமாக இருக்கிறேனே' என்பார். வீண் எச்சரிக்கை என்று அவர்கள் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே படகு உங்கள் பெயருக்கு வந்த அன்றே, புதுப் பெயர் முடிவாகாவிட்டாலும், பீக்கன் பதிவையும் எம்.எம்.எஸ்.ஐ. பதிவையும் உங்கள் விவரங்களுக்கு மாற்றுங்கள். பெயர் மாறியதும் இன்னொருமுறை திருத்துங்கள். படகின் பெயரையும் இடத்தையும் மற்ற கப்பல்களுக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவி இருந்தால் அதற்குள்ளும் பெயரை மாற்ற வேண்டும், இல்லையென்றால் சுற்றியுள்ள கப்பல்களின் திரையில் நீங்கள் பழைய பெயரிலேயே போய்க்கொண்டிருப்பீர்கள். எம்.எம்.எஸ்.ஐ. எண்ணைத் தட்டும்போது கவனம். பல கருவிகள் அந்த எண்ணை ஓரிரு முறைக்கு மேல் மாற்ற விடாது.

கேள்வி: படகுக்கு நல்ல தமிழ்ப் பெயர் வைக்க ஆசை. தமிழ் எழுத்திலேயே எழுதலாமா? 'யாழினி', 'கயல்', 'ஆழிமகள்' என்று மூன்று யோசித்திருக்கிறோம்.

மூன்றும் அழகான பெயர்கள். உடலில் தமிழில் எழுதினால் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கும், எழுதுங்கள். ஆனால் பதிவில் எந்த எழுத்து செல்லும் என்று பாருங்கள். மேலே சொன்ன அமெரிக்கப் பதிவு லத்தீன் எழுத்தையும் எண்களையும் மட்டுமே ஏற்கும். ஏ.ஐ.எஸ். கருவி எந்த நாட்டில் இருந்தாலும் லத்தீன் பெரிய எழுத்தில், இருபது இடத்துக்குள்தான் பெயரை ஏற்றும். ஆகவே பதிவில் உள்ள எழுத்துக்கூட்டல் தெளிவாகத் தெரியும்படி இருக்கட்டும், தமிழ் எழுத்து அதற்குத் துணையாக வரட்டும்.

அப்புறம் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அபாயத்தில் 'மேடே' என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயரையும் மூன்று முறை சொல்ல வேண்டும். காற்றும் எஞ்சினும் இரைந்துகொண்டிருக்கும், பேசுகிறவருக்கு மூச்சு வாங்கும், கேட்பவருக்குத் தமிழ் தெரியாது. ழகரம் உள்ள பெயரை அவர் எப்படி எழுதுவார் என்று யோசியுங்கள். 'கயல்' என்றால் KAYAL என்று ஐந்து லத்தீன் எழுத்தில் முடியும். ரேடியோவில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் சொல்லும் முறைப்படி கிலோ, ஆல்ஃபா, யாங்கி, ஆல்ஃபா, லிமா என்று நடுங்கும் குரலிலும் சொல்லிவிடலாம். உங்கள் மூன்றில் என் வாக்கு கயலுக்கே. மனம் யாழினியில்தான் என்றால் அதையே வையுங்கள். எழுத்துக்கூட்டலை ஒரு அட்டையில் எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், வீட்டில் எல்லோரும் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: படகோடு ஒரு பித்தளை மணியும் பழைய பயணக் குறிப்பேடுகளும் வந்தன. இரண்டிலும் பழைய பெயர். சடங்குப்படி இவற்றையும் ஒழிக்க வேண்டும் என்கிறார் நண்பர். மனசு வரவில்லை.

மனசு வராதது சரிதான். மணியில் முதல் பெயரை அப்படியே விடுவது பழைய கப்பல் மரபு. மூழ்கிய கப்பல்களைப் பல சமயம் மணியை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறார்கள். நண்பருக்காக வேண்டுமானால் சடங்கு நாளில் மட்டும் மணியைக் கரைக்கு எடுத்துப் போய்விட்டுப் பிறகு மாட்டுங்கள்.

குறிப்பேடுகளை எரிப்பது பெரிய இழப்பு. எந்த ஆண்டு எஞ்சின் பிரிக்கப்பட்டது, எப்போது பாய்மரக் கம்பிகள் மாற்றப்பட்டன, எங்கே தரை தட்டியது எல்லாம் அதில்தான் இருக்கும். கரையில், வீட்டு அலமாரியில் பத்திரமாக வையுங்கள். புதுப் பெயருக்குப் புது ஏடு தொடங்கி, முதல் பக்கத்தில் பழைய பெயரையும் மாற்றிய தேதியையும் எழுதுங்கள். நாளை நீங்கள் விற்கும்போது, என்னைப்போல் பரிசோதிக்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேள்வி: விற்றவர், 'பெயரை என் அடுத்த படகுக்கு எடுத்துக்கொள்கிறேன்' என்கிறார். சம்மதிக்கலாமா?

சம்மதியுங்கள், ஆனால் பேச்சோடு விடாமல் விற்பனைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சில பதிவுகளில் நீங்கள் பெயரை விடுவித்தால்தான் அவருக்குக் கிடைக்கும். எந்தத் தேதிக்குள் மாற்றுவீர்கள், பதிவுக் கட்டணம் யார் கட்டுவது என்பதும் அதில் இருக்கட்டும். அவருடைய பழைய பீக்கன் பதிவை அவரே நீக்கிவிட்டதற்கான அத்தாட்சியையும் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.